வயர் கூடை: முடிச்சுக்குக் கூலி எங்கே?

காகிதத்தை முறுக்கி, பசையேற்றி விறைப்பாக்கிய இழைகளில் ஜப்பானியர்கள் போடும் அலங்கார முடிச்சுக்கு மிசுஹிகி என்று பெயர். கல்யாணத்துக்குப் பணம் வைத்துத் தரும் உறையில் அவிழாத முடிச்சு. குழந்தை பிறப்பு போல மறுபடியும் வரவேண்டிய நல்ல காரியத்துக்கு, இழுத்தால் அவிழும் முடிச்சு. நாகனோ மாகாணத்தின் ஈடா நகரம் இந்தத் தொழிலுக்கே பேர்போனது. நம் ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் பெண்கள் போடும் வயர் கூடையும் முடிச்சுக் கலைதான். ஆனால் இந்த முடிச்சு சுமை தாங்க வேண்டும். அதனால் இதை அழகோடு உழைப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வயர் கூடை போடத் தறி, ஊசி, பசை எதுவும் தேவையில்லை. மடித்த வயரின் வளையத்துக்குள் ரன்னிங் வயரை, அதாவது தொடர்ந்து ஓடும் நீள வயரை, கோத்து, நான்கு பக்கமும் ஒரே சீராக இழுத்தால் ஒரு முடிச்சு. இழுப்பு ஒரு பக்கம் தளர்ந்தால் கட்டம் கோணும்; அடியில் விழுந்த கோணல் விளிம்பு வரை ஏறும். ஒவ்வொரு முடிச்சும் தன்னளவில் இறுகி நிற்பதால், ஓர் இழை அறுந்தாலும் கூடை மொத்தமாகப் பிரிந்துவிடாது. காசிமேட்டில் மீன் வாங்கிவந்த கூடையைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் போதும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு, வீட்டிலிருந்து கூடை கொண்டுபோகும் பழக்கத்துக்குப் புது நியாயமும் கிடைத்தது.

குறைகளும் உண்டு. சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கும் நிறச் சேர்க்கைக்கும் காட்டும் அக்கறையைக் கைப்பிடிக்குக் காட்டுவதில்லை. பாரம் முழுவதும் இறங்கும் இடம் அது. விட்டுப்போவதும் உள்ளங்கையை அறுப்பதும் அங்கேதான். வயரும் பிளாஸ்டிக்தான், வெயிலில் கிடந்தால் நாளடைவில் மொரமொரத்து உடையும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் பக்கத்தில் வாழும் வடசென்னைக்காரர்களிடம் இதைச் சூழலுக்கு உகந்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் புழங்கினால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை விலையில் இருக்கிறது. காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னும் ஆணின் முடிச்சு, வேலை. அதற்குக் கூலி உண்டு. அதே தெருவில் கூடை போடும் பெண்ணின் முடிச்சு, ஓய்வு நேரக் கைவேலை. வயருக்கு ஆன காசோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள்; பல நேரம் போடுபவர்களும் அப்படியே கணக்குப் பார்க்கிறார்கள். கைப்பிடி மேம்படாததற்கும் இதுவே காரணம் என்பேன். நேரத்துக்குக் காசு வராத வேலையில், சோதித்துப் பார்க்க யார் நேரம் ஒதுக்குவார்கள்?

கூடை போடுபவர்கள் விலை சொல்லும்போது வயரின் விலையை ஒரு வரியிலும் கைநேரத்தின் கூலியை அடுத்த வரியிலும் எழுதிக் காட்டட்டும். பேரம் பேசுகிறவர் எந்த வரியில் குறைக்கச் சொல்கிறார் என்பது அப்போது அவருக்கே தெரியும். உறுதியான இந்தக் கலைக்கு இனித் தேவை பாராட்டு அல்ல, அந்த இரண்டாவது வரி.