கேபரே: மேடை அறிந்தது, கதை தவிர்த்தது

பாப் ஃபாஸியின் ‘கேபரே’ 1972இல் வந்து எட்டு ஆஸ்கர்களை வென்றது. ‘காட்ஃபாதர்’ போட்டியில் இருந்த அந்த ஆண்டிலும் சிறந்த இயக்குநர் விருது ஃபாஸிக்கே போனது. ஆக்கத்திறனை மட்டும் அளந்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. நாஜிகள் தலையெடுத்த பெர்லினில் தன்பாலீர்ப்பாளர் வாழ்வைத் துணிந்து காட்டிய படம் என்ற பெயரும் அதற்கு உண்டு. இந்தப் பெயரைத்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் முறை. 1966இன் மேடை நாடகத்தில் பாத்திரங்கள் கதைக்குள்ளேயே பாடின. ஃபாஸி பாடல்களை கிட் கேட் இரவு விடுதியின் மேடைக்குள் அடைத்தார். அதனால் ஒவ்வொரு பாடலும் வெளியே நடப்பதற்கு விமர்சனமாகிறது. மேடையில் ஒருவரையொருவர் அறைந்து ஆடும் பவேரிய நடனமும், வெளியே விடுதி மேலாளர் அடிபடுவதும் மாறிமாறி வெட்டப்படுகின்றன, வசனம் தேவைப்படவில்லை. மேடைக்கு வெளியே பாடப்படுவது ஒரே பாட்டு. திறந்தவெளி மதுக்கூடத்தில் இளைஞன் ஒருவன் பாடுகிறான். முகத்திலிருந்து கேமரா இறங்கும்போது கையில் ஸ்வஸ்திகா பட்டை தெரிகிறது. மேசை மேசையாக மக்கள் எழுந்து சேர்ந்து பாட, கிழவர் ஒருவர் மட்டும் எழாமல் இருக்கிறார். ஓர் ஊர் பாசிசத்துக்குப் பழகிப்போவதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன காட்சிகள் குறைவு.

கதைக்குள் வந்தால் இந்தத் துல்லியம் தளர்கிறது. மூலம் கிறிஸ்டோபர் இஷர்வுட்டின் பெர்லின் கதைகள் (ராமகிருஷ்ணரின் வரலாற்றை எழுதியவராகவே நம் வாசகர் பலர் அவரை அறிவார்கள்). 1939இல் அவர் தன் விழைவை மறைத்தே எழுதினார். 1976இன் நினைவுக்குறிப்பில் வெளிப்படையாகச் சொன்னார். மேடை நாடகம் நாயகனைப் பெண்களை மட்டும் நாடுபவனாக்கியது. படம் அவனை இருபாலீர்ப்பாளனாகத் திருத்தியது. நேர்மையான திருத்தம்தான், ஆனால் பாதியில் நிற்கிறது. விடுதிப் பாடகி சாலி, நாயகன் பிரையன், செல்வந்தன் மாக்ஸ் மூவரும் முகம் நெருங்கி ஆடும் அந்தச் சில நிமிடங்களில் விழைவு உண்மையாகவே துடிக்கிறது. அதன் பிறகு பிரையன்–மாக்ஸ் உறவு காட்சியாக வருவதில்லை. சண்டையில் வீசும் பதிலடியாக, ஒரு நகைச்சுவை வரியாகவே தெரியவருகிறது. பிரையனாக வரும் மைக்கேல் யார்க்கின் அடக்கமான நடிப்புக்குப் படம் தர வேண்டிய இடத்தைத் தரவில்லை.

இதைவிடப் பெரிய குறை, ஒடுக்குமுறைக்குச் சட்டம் என்றொரு முகம் இருந்ததை மறந்தது. ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய, ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்க 1929இல் நாடாளுமன்றக் குழுவொன்று வாக்களித்தது, அது சட்டமாகவில்லை. அந்தப் பிரிவை எதிர்த்துப் போராடிய மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வகம் 1933 மே மாதம் நாஜிகளால் சூறையாடப்பட்டது. 1935இல் 175ஆம் பிரிவு மேலும் கடுமையாக்கப்பட்டது. கதை 1931இல் நடக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வரப்போவதை முன்னுணர்த்தப் படத்துக்குத் தெரியும். யூதப் பெண் நடாலியாவின் நாய் வாசலில் கொல்லப்பட்டுக் கிடப்பது அதற்குச் சான்று. பிரையனும் அடிபடுகிறான், தெருவில் நாஜிகளோடு மோதியதற்காக, தன் விழைவுக்காக அல்ல. பிறகு பிரிட்டிஷ் குடிமகனாக ரயிலேறிவிடுகிறான். ரயிலேற முடியாதவர்கள்? கழிப்பறையில் பெண்ணுடையில் பிரையன் அருகே வந்து நிற்பவரைக் காட்டி ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு படம் நகர்கிறது.

களியாட்டத்தையும் ஸ்வஸ்திகாவையும் அடுத்தடுத்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒழுக்கச் சீர்கேட்டின் பிள்ளைதான் நாஜிசம் என்று பார்வையாளர் முடிவுகட்ட வாய்ப்பிருக்கிறது. விஸ்கோன்டியின் ‘தி டேம்ட்’ (1969) இந்தப் பள்ளத்தில் முழுதாகவே விழுந்தது. ஃபாஸி தப்பிக்கிறார், மயிரிழையில். இறுதியில் மேடையின் வளைந்த கண்ணாடியில் நாஜிச் சீருடைகள் தெரிகின்றன. மாறியது மேடையல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்று அந்தப் பிம்பம் வாதிடுகிறது. ஆனாலும் ஜோயல் கிரே நடித்த விடுதி அறிவிப்பாளர், படத்தின் மிகக் கூர்மையான படைப்பு, பெயரோ அறையோ இல்லாத முகமூடியாகவே முடிந்துபோகிறார். 1933இல் அவர் எதை இழப்பார் என்று கேட்க வழியில்லை.

மார்ட்டின் ஷெர்மனின் ‘பென்ட்’ நாடகம் (1979) அந்தக் கேள்வியைக் கேட்டது. வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பாளர்மீது நாஜிகள் குத்திய இளஞ்சிவப்பு முக்கோணத்தை மேடையேற்றியது. அதன் கட்டமைப்பு முரடு, உணர்ச்சியில் மிகை. ஃபாஸியின் கைநேர்த்தி அதற்குக் கிடையாது. நகரமொன்று சரிந்த கதையாக ‘கேபரே’ முதல் வரிசைப் படம். தன்பாலீர்ப்பாளர் வாழ்வின் சித்திரமாக இரண்டாம் வரிசையில்தான் அதை வைக்க முடிகிறது.