இளம்பருவத்துப் புற்றுநோயும் நம் இலக்கியமும்

ஹல்துமுல்லை வழியாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, பலாங்கொடை, இரத்தினபுரி ஆகிய ஊர்களைத் தாண்டி, மகரகமவை ஊடறுத்துக் கொழும்பை அடைகிறது. தோட்டத்துப் பிள்ளையொன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போவதாயின், 150 கிலோமீட்டருக்கு மேல் இச்சாலையிலேயே போகவேண்டும். அரசாங்க வைத்தியத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் கட்டணமும் துணைக்குப் போகும் தாய் இழக்கும் நாட்சம்பளமும் உண்டு. இவற்றையெல்லாம் நம் எழுத்தாளர் எழுத வல்லவர். அந்தப் பஸ்ஸின் யன்னலோரம் அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தை எழுத வல்லவரா என்பதே நாம் எழுப்பும் வினா.

திரைப்படம் இந்நோயை நமக்கு எவ்வாறு பழக்கியிருக்கிறது? 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கணவனின் புற்றுநோயை மனைவியின் கற்புக்கும் வைத்தியனின் தியாகத்துக்கும் உரைகல்லாக்கியது. 1982இல் வந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ ஆகிய இரண்டிலும் கதாநாயகன் நோயை மறைத்துக் காதலியை விலக்குகிறான், பின் இறக்கிறான். நோயாளி இறக்கும்வரை அழகாகவே இருக்கிறான். இவற்றைப் பார்த்து நாமும் அழுதோம் என்பதை மறைப்பானேன்! ஆயினும் அவ்வழுகை நோயாளிக்காக அன்று, காதலுக்காக.

ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினின் ‘புற்றுநோய்ப் பிரிவு’ 1968இல் சோவியத் நாட்டுக்கு வெளியே அச்சேறியது. அவருடைய பிற்கால அரசியல் நமக்கு உடன்பாடன்று. நம்மவருள் இந்நாவலைப் படியாமலே ஏசியோரும் உண்டு. ஆனால் 1955ஆம் ஆண்டின் தாஷ்கண்டு வைத்தியசாலையில், முதியோர் நடுவே கட்டிலிற் கிடக்கும் பதினாறு வயதுத் தியோம்காவைப் படைத்தமைக்காக அவரை வணங்கத்தான் வேண்டும். காலை வெட்டுவதா வேண்டாமா என்பதே அவன் முன் நிற்கும் கேள்வி. மரணத்தைப் பற்றிய தத்துவம் அவனுக்கில்லை. படிக்கவேண்டும், நடக்கவேண்டும் என்ற ஆசை உண்டு. கால் போனபின், பதினேழு வயது ஆஸ்யா தன் மார்பை அகற்றப்போகிறார்கள் என்று அவனிடம் வந்து கதறும் காட்சியில் ஆசிரியர் ஓர் அடைமொழியைக்கூட வீணாக்கவில்லை. நோவைக் காட்டிலும், இனி என்னை யார் விரும்புவார் என்னும் அச்சமே அவளை வதைக்கிறது.

அமெரிக்கரான ஜோன் கிரீன் 2012இல் எழிதிய நாவலிலும் ஒரு கால் இழந்த இளைஞன் வருகிறான். அவன் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறான். காதலியுடன் ஆம்ஸ்டர்டாமுக்குப் பறக்கிறான். பெரியவர்களின் போலி இரக்கத்தின்மீது அவ்விளைஞர் கொள்ளும் எரிச்சல் உண்மையானது. அதனைத் தந்தமைக்காக நூலை மதிக்கிறோம். பயணச் செலவைப் பற்றிய கவலையை மட்டும் ஒரு தர்ம நிதி எளிதாகத் தீர்த்துவிடுகிறது.

வளரும் வேகம் மிகுந்த வயதில், முழங்காலை அண்டிய எலும்பிலேயே எலும்புப் புற்று மிகுதியும் தோன்றுகிறது. மீசை அரும்பும் காலத்தில் மருந்தினால் தலைமயிர் உதிர்கிறது. இரத்தப் புற்றுக்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அதற்குள் உடன் படித்தோர் சாதாரண தரப் பரீட்சை எழுதி அகன்றுவிடுவர். புற்றுநோயுற்ற பிள்ளைகளுள் 80 விழுக்காட்டினருக்கு மேல் செல்வ நாடுகளில் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடத் தேறுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே இவர்களின் சாவு விதியன்று. இவர்கள் பிழைத்தும் வாழ்கிறார்கள், அவ்வாழ்வு எழுதப்படவேண்டும்.

மலையக இலக்கியம் பசியை எழுதியது, குடியுரிமை பறிபோனதை எழுதியது. பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் லயத்து வாழ்வின் நுண்மைகளையெல்லாம் காட்டினார். ஹல்துமுல்லைப் பிரிவின் மீரியபெத்தைத் தோட்டத்தை 2014இல் மண் மூடியபோது நாம் கூட்டுத் துயரத்தைப் பாடினோம். ஒற்றைப் பிள்ளையின் துயரம் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. முற்போக்காளரான நமது பழைய குறை இது.

ஒரு காட்சியை மட்டும் எண்ணிப் பாருங்கள். வைத்தியர் சிங்களத்திற் பேசுகிறார். தகப்பனுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துச் சிங்களத்துக்கு மேல் தெரியாது. பாடசாலையில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளையே இருவருக்கும் இடையே நிற்கிறான். பெற்றோர் பிள்ளைக்கு மறைப்பதுதான் சினிமா வழக்கம். இங்கோ தன் நோயின் பெயரைத் தன் வாயாலேயே தகப்பனுக்குச் சொல்லவேண்டியவன் அவன். “என்னடா சொல்றாரு?” என்று அப்பா கேட்கிறார். அவன் முழுவதையும் சொல்வானா, பாதியை விழுங்குவானா? நம் கதைஞர் அந்த மேசையருகே போய் நிற்கட்டும்.