நாவடக்கமும் நாவின் கடமையும்

நாவடக்கத்தைப் பற்றிய அருளுரைகளுக்கு நம் திருச்சபைகளில் குறைவில்லை. யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலுள்ள கடிவாளம், சுக்கான், சிறு நெருப்பு ஆகிய உவமைகளை அறியாத சபையார் இலர். எனினும், அவ்வதிகாரம் போதகராக விரும்புவோர்க்குரிய எச்சரிக்கையுடனேயே தொடங்குகிறது என்பதைப் பிரசங்க பீடத்தில் நிற்கும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வெச்சரிக்கையைக் குருமாணவர் வாழ்வில் நடைமுறைப்படுத்த முயன்றவர் டீட்ரிக் போன்ஹோபர். அம்முயற்சியின் கனியாக 1939-இல் வெளிவந்ததே, 'கூடி வாழ்தல்' எனப் பொருள்படும் தலைப்புடைய அவருடைய ஜெர்மானிய நூல்.

ஹிட்லர் ஆட்சியின் திருச்சபைக் கொள்கையை எதிர்த்து நின்ற அறிக்கைத் திருச்சபைக்காக, பிங்கன்வால்டேயில் அவர் 1935 முதல் குருத்துவப் பயிற்சி அளித்து வந்தார். 1937-இல் இரகசியக் காவல்துறை அப்பயிற்சிக் கல்லூரியை மூடியது. அங்கு வழங்கிய விதி எளியது: உடன் பயிலும் சகோதரன் இல்லாதவிடத்து அவனைப் பற்றிப் பேசலாகாது, தவறிப் பேசிவிடின், அதை அவனிடமே சென்று அறிவித்தல் வேண்டும். வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த நாட்டில் இவ்விதியின் முற்பகுதி புதிதன்று. பிற்பகுதியே நம்மைச் சுடுகிறது.

நூலின் நான்காம் அதிகாரம் சபையில் ஒருவருக்கொருவர் ஆற்ற வேண்டிய ஊழியங்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் நாவை அடக்குதலே முதலாவது. தங்களில் எவன் பெரியவன் என்று சீடர் வாதித்த நிகழ்ச்சியுடன் (லூக்கா 9:46) அவ்வதிகாரம் தொடங்குவது ஆழ்ந்த நோக்குடையது. அவதூறின் வேர் நாவில் இல்லை. பிறனை அளந்து தன்னை உயர்த்திக்கொள்ளும் உள்ளத்தில் இருக்கிறது. உதவி, நல்லெண்ணம் என்னும் போர்வையையும் ஆசிரியர் ஏற்பதில்லை. நம்மிடையே அப்போர்வைக்கு 'ஜெபக்குறிப்பு' என்று பெயர்.

இனி, நூலின் குறை. இவ்விதிக்கு வரம்புகள் உண்டென ஒப்புக்கொள்ளும் ஆசிரியர், அவற்றை ஆராயாமலே கடந்து செல்கிறார். ஏறத்தாழ ஒத்த நிலையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் இடத்தில் அது போதியதாகலாம். ஆனால், ஒரு சேகரத்தில் அதிகாரமுடைய ஒருவர் எளியவர் ஒருவருக்குத் தீங்கிழைத்தால், "அவரைப் பற்றிப் பேசாதே, அவரிடமே சொல்" என்பது யாரைக் காக்கும்? தீங்கு செய்தவரிடமே பாதிக்கப்பட்டவரைத் தனியே அனுப்புவது நாவடக்கமாகாது. அது அநீதிக்குத் துணைபோதலாகும்.

வேதம் இவ்விடைவெளியை விட்டுவைக்கவில்லை. மத்தேயு 18:15-17 தனிச்சந்திப்புடன் முடிவதில்லை. சாட்சிகள், பின்பு சபை என அது தொடர்கிறது. மூப்பனுக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகளைக் கோரும் பவுல், பாவம் செய்தவரை எல்லார் முன்பாகவும் கண்டிக்கச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:19-20). பொய்ச்சாட்சி பற்றிய கட்டளையை 1529-இல் தமது பெரிய ஞானோபதேசத்தில் விளக்கிய லுத்தரும், மறைவான குற்றத்தை ஊரறியப் பரப்புவதை வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் வெளிப்படையான பாவத்தை வெளிப்படையாகவே கண்டிக்கலாம் என்றார்.

போன்ஹோபரையும் இவர்களுக்கு எதிராக நிறுத்த இயலாது. அதே அதிகாரத்தில் அவர், சகோதரனைப் பாவத்திலேயே விட்டுவிடும் மென்மை கொடியது என்கிறார். ஊமையனுக்காக வாயைத் திறக்கச் சொல்லும் நீதிமொழிகள் 31:8-ஐத் தம் காலத் திருச்சபையின் செவியில் ஒலிக்கச் செய்தவரும் அவரே.

ஆகவே, "பேசினேனா, மௌனமாயிருந்தேனா" என்பது மட்டும் நம் சோதனையாகாது. யாரிடம், யாருடைய நன்மைக்காக என்பதே கேள்வி. புறங்கூறுவோன் தன்னை உயர்த்த, எதிரில் இல்லாதவனைத் தாழ்த்துகிறான். சாட்சி சொல்வோன் தனக்கு வரும் இழப்பை ஏற்று, தாழ்த்தப்பட்டவனைத் தூக்கிவிடுகிறான். இறையியல் கல்லூரி விடுதிகளில் பிங்கன்வால்டே விதி இன்றிரவே நடைமுறைக்கு வரட்டும். ஆனால், அங்கு வாய் மூடப் பழகுவோர், நாளை தம் சேகரத்தில் வாய் திறக்க வேண்டிய வேளையையும் அறிந்தவர்களாக வெளியேறுவார்களாக.