ஆஹா, ஹோமாலஜி!

கீழ்பென்னாத்தூரில் ராத்திரி கரண்ட் போன நேரம், மொட்டை மாடி, செல்போன் டார்ச், ஒரு வெள்ளைத்தாள். கணக்கு முடிந்ததும் எழுந்து கத்தியே விட்டேன், தெருநாயெல்லாம் குரைத்தது!

நீங்களே நினைத்துப் பாருங்க. சமபக்க முக்கோண அட்டை ஒன்று. திருப்பலாம், புரட்டலாம்; பழைய இடத்திலேயே வந்து உட்கார 6 வழி. அந்த 6-ம் சேர்ந்தது ஒரு குலம் (group). திருப்பிவிட்டுப் புரட்டினால் ஒரு நிலை, புரட்டிவிட்டுத் திருப்பினால் வேறு நிலை. எது முன், எது பின் என்பதையே மறந்துவிட்டால் என்ன மிஞ்சும்? அதுதான் முதல் ஹோமாலஜி! இங்கே மிஞ்சுவது இரண்டே விஷயம்: புரட்டினோமா, இல்லையா.

இப்போ 20 முக்கோண முகங்கள் உள்ள ஐகோசஹீட்ரனை எடுங்க, அதற்கு 60 சுழற்சிகள், அரைச்சுற்று ஒன்றை 2 தடவை, மூன்றிலொரு சுற்றை 3 தடவை, இரண்டும் சேர்ந்த திருப்பத்தை 5 தடவை செய்தால் பழைய நிலை, வரிசையை மறந்ததுமே 2, 3, 5-க்குள் ஒத்துப்போக வழியில்லாமல் அறுபதும் கரைந்து பூஜ்யம்! முடிந்ததா? இல்லையே! இரண்டாம் ஹோமாலஜியைக் கேட்டால், 2 உறுப்பு மிஞ்சும் என்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டிரண்டாக, 120 உறுப்புகளோடு இன்னொரு குலம் பின்னால் நிற்கிறதாம்! அந்த இரண்டாம் ஹோமாலஜியைக் குலத்தின் விதிகளிலிருந்தே கறந்தெடுக்க 1942-ல் கணிதவியலாளர் ஹைன்ஸ் ஹோப்ஃப் சூத்திரம் தந்தார். குறியீடுகள் முதலில் கொஞ்சம் மிரட்டும், விடுங்க.

இதில் நம்ம பக்கத்துப் பெருமையும் இருக்கு! வட ஆற்காட்டுக் குடும்பத்தில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, இருவரும் 1932-ல் பிறந்த கணிதவியலாளர்கள், இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த ஃபாதர் ரசீனிடம் படித்தவர்கள். இவர்கள் செய்ததை இப்படிப் பாருங்க: இரண்டு மெதுவடையை ஒட்டவைத்தது போல ஒரு பரப்பு. அதில் சுற்றிவரும் பாதைகள் ஒரு குலம், வரிசையை மறந்தால் ஓட்டைக்கு 2 வீதம் 4 சுற்றுகள். அதன்மேல் டிகிரி பூஜ்யமான கோட்டுக் கற்றைகளை (line bundles) எல்லாம் அறிய இந்த முதல் ஹோமாலஜியே போதும், ஆனா ரேங்க் 2, 3 என்று ஏறினால் மறந்த வரிசை திரும்ப வேண்டும், குலம் முழுசாக வேண்டும், அந்த முழுக் குலத்தின் பிரிக்க முடியாத யூனிட்டரி ரெப்ரசன்டேஷன்களும் டிகிரி பூஜ்யமான நிலையான (stable) கற்றைகளும் ஒன்றுக்கு ஒன்று என்று 1965-ல் இவர்கள் நிறுவினார்களே, எனக்குப் புல்லரிக்குது!

எம்.எஸ்சி. படிக்கும் தம்பி தங்கைகளே, குலக் கோட்பாட்டைப் பரீட்சையோடு மூடி வைக்காதீங்க. ஹோமாலஜி வரைக்கும் வாங்க!