இடிபாட்டின் அழகும் சாட்சியத்தின் எடையும்

மதுரையின் பழைய தோற்றத்தைப் பேசும் நூல் எதுவும் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் செப்புத்தகட்டுப் படங்களைத் தாண்டிப் போவதில்லை. 1792இல் இங்கு வந்து வரைந்தவற்றை அவர்கள் லண்டன் திரும்பியபின் தகட்டில் ஏற்றி, 1797-98இல் 'ஓரியண்டல் சீனரி'யின் இரண்டாம் தொகுதியில் வெளியிட்டார்கள். அரண்மனை இடிபாடு, கோட்டைக் காட்சி, மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம் எல்லாம் அதில் உண்டு. இப்படங்களைப் போற்றியவர் பலர், எடைபோட்டவர் சிலர். கலை, ஆவணம், விளக்கம் என்ற மூன்று தட்டுகளிலும் தனித்தனியே நிறுத்தினால்தான் உண்மை எடை தெரியும்.

முதலில் கலை. தகட்டில் குங்கிலியப் பொடி தூவி, அமிலத்தால் அரித்து, ஒளிநிழலைப் படிப்படியாக எழுப்பும் முறை அக்வாடின்ட். திருமலை நாயக்கர் அரண்மனையின் சுதை பூசிய வளைவுகளுக்கு அதைவிடப் பொருந்தும் உத்தி இல்லை. வழுவழுப்பான பரப்பில் வெயில் படிவதைக் கோடுகளால் காட்ட முடியாது; சாயலால் முடியும். புதுமண்டபத்துக்கு அதே உத்தி பாதிதான் உதவுகிறது. தூண்நிரையின் ஆழம் கிடைக்கிறது. ஆனால் ஆயுதத்தையும் அணியையும் முத்திரையையும் கொண்டு தூணிலுள்ள கருங்கல் உருவத்தை இன்னதென்று அறிய வேண்டியவருக்குச் சாயல் போதாது. கூரிய கோடு வேண்டும்.

அடுத்து ஆவணம். வரைந்தவர்களே தகட்டையும் செதுக்கியதால் இடையில் வேறொருவர் கைபட்டுச் சிதையும் வாய்ப்பு இல்லை. இது பெரிய தகுதி. காலமும் இப்படங்களுக்குத் துணை நிற்கிறது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது. ஆளுநர் நேப்பியர் காலத்தில் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. இரண்டுக்கும் முந்திய நிலையைக் காட்டும் சான்றுகள் வேறு எத்தனை உள்ளன? கழிக்க வேண்டியவையும் உண்டு. வரைந்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகள். வண்ணம் கையால் தீட்டியது, படிக்குப் படி மாறக்கூடியது. அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. முன்னே நிற்கும் மனிதரை அளவுகோலாகக் கொள்வதும் ஆபத்து: ஆளைச் சிறிதாக்கிக் கட்டடத்தைப் பெரிதாக்குவது இத்தாலியச் செதுக்கோவியர் பிரனேசியின் ரோமாபுரிப் படங்களிலிருந்தே பழகிய தந்திரம். தரைப்படமும் அளவுகளும் வேண்டுவோர் ராம் ராஸின் 1834ஆம் ஆண்டுக் கட்டடக்கலை நூலுக்கும், புதுமண்டபத்தின் தரைப்படத்தை 1876இல் தந்த கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பெர்குசனுக்கும்தான் போக வேண்டும்.

விளக்கம் என்ற மூன்றாவது தட்டில்தான் குறை கனக்கிறது. இந்த அரண்மனை மழையாலும் கொடியாலும் மட்டும் சிதையவில்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் அதன் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அதன்பின் போர்களும் படைகளும் எஞ்சியதைத் தேய்த்தன. படத்தில் இவர்கள் யாருமில்லை. காலம் ஒன்றே குற்றவாளி. காரணத்தை அகற்றிவிட்டு விளைவை அழகாக்குவதே இடிபாட்டை ரசித்து வரையும் இந்த மரபின் முறை.

அதற்கு மறுசான்று திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1714, அதாவது டேனியல்கள் மதுரையில் வரைந்த அதே 1792ஐக் குறிக்கும் கல்வெட்டு அது. ஐரோப்பியப் படை கோயிலுக்குள் நுழைய முற்பட்டபோது வைராவி முத்துக்கருப்பன் மகன் குட்டி கோபுரத்தின்மேல் ஏறிக் குதித்து உயிர்விட்டதையும், படை பின்வாங்கியதையும், அவன் குடும்பத்துக்கு ரத்தக்காணிக்கை (உயிர்விட்டதற்கான மானியம்) அளிக்கப்பட்டதையும் அது சொல்கிறது. கட்டடங்களுக்கு அந்நாளில் நேர்ந்தது என்ன என்பதை ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி நின்ற இக்கல் தெரிவிக்கிறது, தகடு தெரிவிக்கவில்லை. மேலும் அக்குன்றம் இடிபாடே அல்ல. தமிழி எழுத்துள்ள சமணப் படுக்கைகள், 773ஆம் ஆண்டைச் சுட்டும் பாண்டியர் குடைவரை, நாயக்கர் மண்டபம், உச்சியில் தர்கா என அடுக்கடுக்காக வழக்கில் இருக்கும் தொன்மை அது. பழமை என்றால் பாழ் என்று பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது.

பிற்காலத்து அளவுகோலால் முற்காலத்தை அடிக்கிறோமா? இல்லை. மதுரைக் கோயிலையும் புதுமண்டபத்தையும் விவரித்து அறுவைமருத்துவர் ஆடம் பிளாக்கேடர் எழுதிய கடிதம் அதே 1792இல் 'ஆர்க்கியாலஜியா' இதழில் அச்சாகிவிட்டது. நின்று நிதானித்து விவரிக்கும் நெறி அன்றே கைக்கெட்டியதுதான். அதற்கும் முன்னால், பெருங்கற்சின்னமான ஸ்டோன்ஹெஞ்சை ஆங்கிலத் தொல்பொருள் ஆய்வாளர் ஸ்டூக்ளி 1740இல் அளந்து வெளியிட்டார். பண்டைக் கெல்டியக் குருமாரான துரூயிதுகளின் கோயில் என்று அவர் சொன்ன விளக்கம் தவறு. ஆனால் அளவுகள் வெளிப்படையாக இருந்ததால் பின்வந்தோர் அவரை மறுக்க முடிந்தது. டேனியல்கள் விளக்கத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஒளியிலும் நிழலிலும் கரைத்துவிட்டார்கள். மறுக்க வழியில்லாத விளக்கம் தவறான விளக்கத்தைவிடத் தீங்கானது.

ஆகவே தீர்ப்பு இது. கலையாக இவை முதல்தரம். கட்டட அமைப்புக்கான ஆவணமாக, லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த ஒளிப்படங்களோடும் தரைப்படங்களோடும் ஒத்துப்பார்த்த பிறகே ஏற்கத்தக்க இரண்டாம்தரம். அழிவின் வரலாறாக ஏற்கத்தக்கவை அல்ல. அதற்குரிய சாட்சியம் கல்வெட்டுகளில்தான் இருக்கிறது. இப்படங்களை 'அன்றைய மதுரை' என்று மட்டும் தலைப்பிட்டு அச்சிடும் பதிப்பாசிரியர், கலைக்குரிய மதிப்பை வரலாற்றுக் கணக்கில் வரவு வைக்கிறார்.