துராப் என்னும் பெயர்

சித்திரக் கதைகளைப் பற்றியா இவ்வேட்டில் எழுதுவது என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். நம் பிள்ளைகள் கண்டு வளர்வது எதுவாயினும் அது நமக்கு அயலான செய்தியன்று. விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்தில், உறவினர் இல்லமொன்றிற்கு நோன்புப் பெருநாளை அடுத்துச் சென்றிருந்தோம். தொலைக்காட்சியில் எக்ஸ்-மென் படம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த சிறுமி சட்டெனத் திரும்பி, "பெரியத்தா, இந்தக் கூட்டத்துல நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்றாள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டோம். சொன்ன விடை சரிதானா என்று அறியவே, இத்துறையில் வெளிவந்த ஆய்வு நூல்களைத் தேடிப் படிக்கலானோம்.

தமிழ்ச் சிறுவர்கள் நெடுங்காலம் அறிந்திருந்தவர்கள் தனி வீரர்களே. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவன் இரும்புக்கை மாயாவி. அவனுக்குக் குழுவில்லை. அமெரிக்காவிலோ 1960இல் ஜஸ்டிஸ் லீக், 1963இல் எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ் எனக் குழுக்கள் பெருகின. 1975இல் எக்ஸ்-மென் குழு புதுப்பிக்கப்பட்டபொழுது கென்யா, ஜெர்மனி, சோவியத் நாடு, ஜப்பான் என்று பல தேசத்தார் அதில் வந்து சேர்ந்தனர். ரம்ஸி ஃபவாஸ் என்பார் 2016இல் வெளியிட்ட நூலில், இவ்வீரர்கள் நாட்டின் காவலர் என்னும் நிலையிலிருந்து சமூகம் ஒதுக்கியோரின் உருவகமாக மாறிய வரலாற்றை விரித்துரைக்கிறார். கூர்மையான நூல். சில பக்கங்களில் கலைச்சொற்கள் வாசகனை மூச்சுமுட்ட வைக்கின்றன என்பது வேறு செய்தி.

பல தேசத்தாரை ஓரிடத்தில் கூட்டுவது குயிலாப்பாளையத்தார்க்குப் புதிதன்று. அவ்வூரை ஒட்டிய ஆரோவில்லில், 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடக்க விழா நடத்தினர். மண்ணைக் கூட்டிவிடலாம். மனிதர் கூடும்போது யார் குரல் கேட்கிறது என்பதே கேள்வி. குழுக் கதைகளையும் இக்கேள்வி கொண்டே அளக்க வேண்டுமென்பது நம் எண்ணம்.

சிறுமிக்குச் சொன்ன விடையில் நாம் கருதியது டஸ்ட் என்னும் பாத்திரத்தை. ஸூராயா காதிர் என்பது அவள் இயற்பெயர், ஆப்கானிஸ்தானத்துப் பெண், உடலைப் புழுதிப்புயலாக மாற்றவல்லவள். 2002இல் கிராண்ட் மாரிசன் எழுத, ஈத்தன் வான் ஸ்கைவர் வரைந்த இதழில் அறிமுகமானாள். அடிமை வணிகரிடமிருந்து அவளை வுல்வரின் மீட்கிறான். அவள் வாயில் முதலில் வரும் சொல் 'துராப்'. அரபியில் புழுதி, மண் என்று பொருள். ஆப்கானியப் பெண்ணின் தாய்மொழி பஷ்டூவோ தாரியோவாக இருக்க, அரபிச் சொல்லை ஏன் அவள் வாயில் வைத்தனர்? முஸ்லிம் என்றால் அரபி பேசுவாள் என்னும் எளிய கணக்கன்றி வேறில்லை. குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு செய்தி உண்டு. பள்ளிவாசலில் மேனியெல்லாம் மண் ஒட்ட உறங்கிய அலி (ரலி) அவர்களைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அம்மண்ணைத் துடைத்துவிட்டு அபூ துராப் என்று அன்புடன் அழைத்து எழுப்பினார்கள். நம் முதியோர் அறிந்த நிகழ்ச்சி இது. வீரர்க்கெல்லாம் வீரரின் செல்லப் பெயரில் உள்ள சொல்லையே அப்பெண்ணுக்கு இட்டவர்கள், அதை அறிந்து இட்டதாகக் கதையில் தடயமில்லை.

டேவிட் லூயிஸ், மார்ட்டின் லுண்ட் இருவரும் தொகுத்து 2017இல் வெளிவந்த 'முஸ்லிம் சூப்பர் ஹீரோக்கள்' என்னும் ஆய்வுத் தொகுப்பு, முஸ்லிம் முகம் இருக்கிறதா என்று எண்ணுவதோடு நிற்காமல் அம்முகம் கதையில் என்ன செய்கிறது என்று கேட்பதால் நமக்குப் பிடித்தது. கமலா கான் இக்கேள்விக்கு ஈடுகொடுக்கிறாள். ஜி. வில்லோ வில்சன் எழுதி 2014இல் தொடராக வந்த அக்கதையில், ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் அனைத்தையும் காப்பதற்கு ஒப்பாகும் என்னும் திருமறைக் கருத்தை நினைவுகூர்ந்த பின்னரே அவள் ஆபத்தில் பாய்கிறாள். அங்கே மார்க்கம் உடையாக நிற்கவில்லை, செயலாகிறது.

குவைத்தைச் சேர்ந்த நாயிஃப் அல்-முதவ்வா 2006இல் தொடங்கிய 'தி 99' தனியே பேசத்தக்கது. 1258இல் பக்தாத் அழிந்தபோது அதன் நூலகத்து அறிவு 99 கற்களில் காக்கப்பட்டதாகவும், அக்கற்களை அடைந்த பல நாட்டு இளைஞர் குழுவாகச் சேர்வதாகவும் கதை. இவர்கள் எப்பொழுதும் மூவராகவே செயற்படுவர். ஆணும் பெண்ணும் தனித்திருத்தல் கூடாதென்னும் மார்க்க ஒழுங்கு கதையின் கட்டுக்கோப்பாகவே அமைந்துவிட்ட அழகை அமெரிக்கக் கதைகளில் காணவியலாது. அல்லாஹ்வின் திருநாமங்களோடு கற்பனை வீரரைத் தொடர்புறுத்தலாமா என்னும் எதிர்ப்பும் எழுந்தது. 2014இல் சவூதி அரேபிய முஃப்தி இதற்கெதிராகத் தீர்ப்புரைத்தார். அக்கவலையை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம்.

இந்நூல்களிலெல்லாம் நாம் காணாதது நம் படைப்போர் இலக்கியம். ஐந்து படைப்போர், செய்தத்துப் படைப்போர் எனப் பல உள. உவைஸ், அஜ்மல்கான் இருவரும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வகை பேசப்பட்டுள்ளது. அலி (ரலி) அவர்கள் முன்னிற்க, தோழர் கூட்டம் எதிரியைச் சாடும் கதைகள் அவை. வரலாறென்று எண்ணிப் படித்தால் தவறு. கற்பனையென்று அறிந்து படித்தால் வீரர் குழுக் கதையின் தமிழ் மூதாதை நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. அமெரிக்க அறிஞர் இதனை அறியாதது அவர் குறையன்று. நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த முறை சென்றபோது அச்சிறுமியிடம் அபூ துராப் நிகழ்ச்சியைச் சொன்னோம். கண் விரியக் கேட்டாள். "இது படக்கதையா எங்க கெடைக்கும், பெரியத்தா?" என்றாள். நபித்தோழர்களை வரைவது நம் மரபில் இல்லை என்று விளக்கினோம். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அவங்களை வரையாம, அந்த மண்ணை மட்டும் வரையலாமா?" என்று கேட்டாள்.