மொச்சைக்கு எத்தனை விசில்?

நவராத்திரி ஒன்பது நாளும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ நடந்தால் வீட்டுக்கு வீடு குக்கர் சத்தம் கேட்கும். இன்று கொண்டைக்கடலை, நாளை காராமணி, மறுநாள் மொச்சை. கொலு பார்க்க வருகிறவர்கள் கையில் சுண்டல் பொட்டலம் கொடுத்தாக வேண்டும். மொச்சைக்கு எத்தனை விசில் என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் உடனே வரும். ஒரு வீட்டில் மூன்று, அடுத்த வீட்டில் ஐந்து, எதிர் வீட்டில் ஏழு. மூன்று வீட்டிலும் சுண்டல் நன்றாகவே இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோனால்தான் சங்கடம். அங்கே குழைந்து களியாகும், இங்கே பல்லில் கடிபடும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் நுழைந்தால் அதே மொச்சைக்கு வேறொரு வாழ்க்கை. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் கத்தரிக்காய், சின்ன வெங்காயம், புளிக்கரைசல், குழம்பு மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து, கடைசியில் கருவாட்டைப் போட்டு இறக்கினால் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. ஒரு கரண்டி குழம்புக்கு இரண்டு தட்டு சோறு இறங்கும்.

பயறோடு உப்பிட்டுப் பதப்படுத்திய புலாலைச் சேர்ப்பது தமிழர்கள் மட்டும் கண்டுபிடித்த ருசி அல்ல. உடம்பை வருத்தி உழைப்பவர்கள் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது. தெற்குப் பிரான்ஸில் காஸ்டெல்நோதாரி, கார்காசோன், துலூஸ் என்ற மூன்று ஊர்களும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் காஸுலே, வெள்ளை பீன்ஸும் பன்றி சாஸேஜும் சேர்ந்து மணிக்கணக்கில் வேகும் பண்டம். அது வேகும் ‘காஸோல்’ என்ற மண்சட்டியின் பெயரே பண்டத்துக்கும் பெயராயிற்று. போர்ச்சுக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்த ஃபெய்ஜோவாதாவில் பீன்ஸோடு சேர்வது, வினிகரும் மிளகாயும் ஏறிய கோவா சாஸேஜ். திருச்சிக்கும் சாஸேஜ் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928 இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அதையொட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையலில் சாஸேஜ் கறிக்கு இடம் உண்டு. இப்போது கோழி சாஸேஜ் நகரத்து சூப்பர் மார்க்கெட் உறைபெட்டிகளிலும் கிடைக்கிறது. ராஜ்மாவையும் சாஸேஜையும் தக்காளியோடு குக்கரில் போட்டு மூடி, ‘ஒரே பாத்திரத்தில் சமையல் முடிந்தது’ என்று மூச்சுவிடும் இளம் குடும்பங்கள் பெருகிவருகின்றன. பயறுக்கும் அதோடு சேரும் புலாலுக்கும் குக்கர் ஒரே மாதிரி நன்மை செய்கிறதா என்பதை நிறுத்தி யோசித்துப் பார்க்க வேண்டும்.

பயறுக்கு அது செய்யும் நன்மையில் சந்தேகமே வேண்டாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடுதல் அழுத்தம் ஏறும்போது கொதிநிலை 120 டிகிரியை எட்டுகிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேகும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. ஊறவைத்த கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். குக்கரில் அழுத்தம் முழுதாக ஏறிய பிறகு கால் மணி நேரம் போதும்.

இந்த நன்மை புதிதல்ல. டெனி பப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679 இல் லண்டனில் இப்படியொரு மூடிய பாத்திரத்தைச் செய்து, அது வெடிக்காமலிருக்க ஒரு வால்வையும் வைத்தார். 1682 இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தபோது கெட்டி எலும்புகூட மெத்தென்று ஆகியிருந்ததை ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நம் நாட்டில் அதற்கு முன்னோடி, 1910 வாக்கில் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கர். அது அழுத்தத்தில் அல்ல, அடுக்கடுக்கான பாத்திரங்களில் ஆவியால் வேகவைப்பது. பிரஷர் குக்கர் பரவலானது 1950களின் கடைசியில் ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் வந்த பிறகுதான். அதற்கு முன் ஒரு படி கடலை வேகும்வரை விறகைத் தள்ளிக்கொண்டு, புகையில் கண் எரிய அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்த ஒரு பாத்திரத்தை, மண்சட்டி ருசி போய்விட்டதே என்ற ஏக்கத்தில் மட்டும் எடைபோடுவது நியாயமே இல்லை.

இன்னொரு நன்மை வெளியே தெரியாதது. ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு உண்டு. வேகாத நாலைந்து கொட்டையே வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கப் போதுமானது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். கொதிநிலையை எட்டாத மெதுவான சூட்டில் வைத்தால் நச்சு அழிவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். சுண்டல் வரிசையில் ராஜ்மாவும் சேர்ந்துவிட்ட இந்தக் காலத்தில் 120 டிகிரியில் வேகவைக்கும் பாத்திரம் வீட்டுக்கு வீடு இருப்பது நல்ல பாதுகாப்பு.

குறை எங்கே தொடங்குகிறது? விசில் கணக்கில்.

விசில் காட்டுவது வெளியேறிய ஆவியைத்தான், வேக்காட்டை அல்ல. உள்ளே அழுத்தம் வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு மிஞ்சும்போது ஆவி பீறிடுகிறது. அடுப்பைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் நாலு விசில் வரும், மொச்சை பாதிதான் வெந்திருக்கும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைத்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில்கூட வராமல் போகலாம், மொச்சை பூவாக வெந்திருக்கும். குக்கர் செய்கிறவர்கள் தரும் கையேடுகள் சொல்வதும் இதைத்தான்: அழுத்தம் ஏறியதும் தீயைக் குறை, பிறகு நிமிடத்தை எண்ணு. கையேடு பெட்டியோடு பரணுக்குப் போய்விட, அம்மாவிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறுவது விசில் எண்ணிக்கைதான். அடுப்பு, குக்கரின் அளவு, உள்ளே உள்ள தண்ணீர் எல்லாம் அந்த வீட்டுக்கு மட்டும் பொருந்தியிருந்தன என்ற செய்தி கைமாறுவதில்லை. ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து வாங்கிய கேஸில் உண்டாக்கிய சூட்டைக் காற்றில் விடுகிறது என்பதும் கணக்கில் வருவதில்லை.

அதோடு, மொச்சைக்கு மொச்சை வித்தியாசம். மார்கழி, தையில் வரும் பச்சை மொச்சைக்குக் குக்கரே அதிகம். காய்ந்த மொச்சை ஒரு வருஷம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் எத்தனை மணி நேரம் ஊறினாலும் உள்ளே கல்லாகவே நிற்கும். கடைக்காரரிடம் ‘இது புதுசா, பழசா?’ என்று கேட்டு வாங்குகிற பழைய பழக்கத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. தண்ணீருக்கும் அப்படித்தான். காவிரி, கொள்ளிடம் படுகையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் ஒரு மாதிரி வேகும். உப்புத்தன்மை ஏறிய போர் தண்ணீரில் வேறு மாதிரி. கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுகச் செய்கின்றன. புளியும் தக்காளியும் செய்வது அதே வேலைதான். மொச்சை வேகும் முன்பே புளிக்கரைசலை ஊற்றிக் குக்கரை மூடினால் எத்தனை விசிலும் பிரயோசனப்படாது. உப்பைப் பற்றி மட்டும் பாட்டிகள் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ‘உப்புப் போட்டா வேகாது’ என்பார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் உப்புச் சேர்த்தால் தோல் இன்னும் மிருதுவாகிறது என்பதுதான் உண்மை. சோடியம் தோலிலுள்ள கால்சியத்தை வெளியே தள்ளிவிடும். சமையல் சோடாவும் வேகவைக்கும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமினைக் கெடுத்துவிட்டு வேகவைக்கும்.

இனி சாஸேஜும் கருவாடும். இங்கேதான் ‘ஒரே பாத்திரம்’ என்ற வாக்குறுதி உடைகிறது. மொச்சைக்கு 120 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். கோழி சாஸேஜ் பாதுகாப்பாக வேக அதன் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். இரண்டையும் ஒன்றாக மூடிவைத்தால் சாஸேஜின் உறை வெடிக்கிறது, கொழுப்பு உருகி மேலே மிதக்கிறது, புரதம் தன் ஈரத்தைப் பிழிந்துவிட்டு ரப்பராகிறது. அதைவிடப் பெரிய இழப்பு மணம். சாஸேஜை எண்ணெயில் புரட்டும்போது மேல்தோல் காய்ந்து சிவந்து வரும் வாசனை 140 டிகிரிக்குப் பக்கத்திலும் அதற்கு மேலும்தான் நன்றாகப் பிறக்கும். ஈரம் நிறைந்த குக்கருக்குள் அதற்கு வழியில்லை. கருவாட்டின் கதி இன்னும் மோசம். வாளைக் கருவாடானாலும் நெத்திலியானாலும் குக்கர் அழுத்தத்தில் சதை கரைந்து, குழம்பெல்லாம் முள்ளாகும், உப்பும் கட்டுக்கடங்காமல் இறங்கும்.

எல்லாப் புலாலுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்குடல், நெஞ்செலும்பு, தலைக்கறி போன்றவற்றில் உள்ள கெட்டி நார் நீண்ட வெப்பத்தில் கூழாகி ருசி தருவது. மொச்சையோடு அவை குக்கரில் ஒன்றாக வேகலாம், வேகவும் வேண்டும். உப்பிலும் புகையிலும் ஏற்கனவே பாதி வேலை முடிந்த பண்டங்களைத்தான் குக்கர் கெடுக்கிறது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் சேர்த்திருக்கிறது. எப்போதாவது வைக்கும் குழம்பில் சாஸேஜ் கொஞ்சமாகவும் பயறு நிறையவும் இருப்பது நாக்குக்கும் உடம்புக்கும் நல்லது.

இதில் வியப்பு, மூன்று ஊர்ப் பழைய சமையலும் இதை முன்பே அறிந்திருந்தன. காஸுலேயில் பீன்ஸைத் தனியாக வேகவைத்துக்கொண்டு, சாஸேஜை வதக்கி, பிறகுதான் மண்சட்டியில் சேர்க்கிறார்கள். இன்றைய கோவா வீடுகளில் பீன்ஸ் குக்கரில், சாஸேஜ் வெங்காயத்தோடு சட்டியில், கடைசியில் இரண்டும் ஒன்றாக. திருச்சியில் கருவாட்டை வெந்நீரில் கழுவி, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே போடுகிறார்கள். பேசிவைத்துக்கொள்ளாமல் மூன்று இடமும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

குக்கரின் ஆபத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, அதிலும் பயறு வேகவைக்கும்போது. பருப்பும் பயறும் நுரை கட்டும். நுரையோடு ஏறும் தோல் ஆவிக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பயறு போட்டால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடும் முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இரண்டு விநாடி வேலை. உருகிவிட்ட சேஃப்டி வால்வுக்குப் பதிலாகக் கிடைத்ததை மாட்டுவதும், வெடிப்பு விட்ட ரப்பரை இழுத்துப் பொருத்துவதும் தெரிந்தே செய்யும் தவறு. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. அதன் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையக் கடைகளில் விற்கப்பட்டு, 2022 இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்க வேண்டியிருந்தது.

மண்சட்டியே உயர்ந்தது என்கிறவர்கள் அரங்கன் கோயில் மடப்பள்ளியைக் காட்டுவார்கள். அங்கே இன்றும் பெருமாளுக்குப் படைக்கும் அமுது புது மண்பானையில் வேகிறது. ஒருமுறை பயன்பட்ட பானை மறுமுறை அடுப்பேறுவதில்லை. அழகான மரபு. அதற்கென்றே ஆட்களும் நேரமும் ஒதுக்கிய இடம் அது. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு வீட்டில் அதையே அளவுகோலாக வைக்க முடியாது. மண்சட்டியைக் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் கேட்டால் யாராலும் கொடுக்க முடியும்.

ராத்திரி உப்புத் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறிய மொச்சையைக் காலையில் அலசி, புதுத் தண்ணீர் ஊற்றி, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துப் பத்து நிமிடம். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. அவசரமாக வெயிட்டைத் தூக்கினால் தோல் கிழிந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்து அடுப்பில் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து, வெங்காயம் வதங்கி, புளிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியிருக்கும். சாஸேஜானால் இன்னொரு தோசைக்கல்லில் சிவக்கும். மொச்சையைக் குழம்பில் சேர்த்து, கால் மணி நேரம் அது புளியையும் காரத்தையும் உறிஞ்சட்டும். கருவாட்டுக்கு ஐந்து நிமிடம் தாராளம். குக்கரின் அடியில் மிஞ்சிய மொச்சை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் எடுத்துவைத்தால் அன்று ராத்திரி ரசத்துக்கு ஆகும்.